மடியும் பையும் மரியாதையும்



இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை காணி உறுதி, வங்கிக் கடன், பிள்ளைகளின் படிப்பு ஆகியவை பற்றியே இருக்கும். இம்முறை வந்த கடிதம் ஒன்று சற்று வித்தியாசமானது. வன்னியில் மீள்குடியேறி வாழும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை செய்கிறார். கூட வேலை செய்யும் நண்பருக்குக் கலியாணம். மாப்பிள்ளைத் தோழர்களில் ஒருவராக நிற்கும்படி கேட்டிருக்கிறார்கள். அங்கே ஆண்கள் கலியாணத்துக்குக் 'கில்ற்' என்ற பாவாடை போன்ற உடுப்பை அணிவார்களாம். கில்ற்றை ஒரு நண்பர் இரவல் தருகிறார். ஆனால் அதற்கு முன்னால் தொங்கவிடும் பை மட்டும் இல்லை. கடையில் விசாரித்தால் 200 பவுண் சொல்கிறார்கள்.

"கூரைத் தகரம் மாத்த அனுப்புறன் எண்டு சொன்ன காசை இந்த மாதம் அனுப்ப ஏலாது அம்மா எண்டு பிள்ளை சொல்லுறான். ஒரு பைக்கு எண்பதினாயிரமா? இது தேவையான செலவா, வீண் செலவா எண்டு எனக்கு விளங்கேல்லை. விசாரிச்சு எழுதுங்கோ" என்று அந்தத் தாய் கேட்டிருக்கிறார்.

கேள்வி ஒரு பையைப் பற்றியது தான். என்றாலும் அதற்குள் நம் எல்லோருடைய வீட்டுக் கேள்வியும் இருக்கிறது. சபையில் மரியாதையாக நிற்க எவ்வளவு செலவழிக்க வேண்டும்? அதைத் தீர்மானிப்பது யார்? கூரையா, கௌரவமா என்று வரும்போது இரண்டையும் காப்பாற்ற வழி இருக்கிறதா? இந்த மாதம் அந்தப் பையின் கதையையே பார்ப்போம்.

பொக்கற் இல்லாத உடுப்பு

கில்ற் என்பது டார்டன் எனப்படும் கட்டம் போட்ட கம்பளித் துணியால் ஆனது. இடுப்பிலிருந்து முழங்கால் வரை வரும். முன்பக்கம் தட்டையாகவும் பின்பக்கம் நெருக்கமான மடிப்புகளாகவும் இருக்கும். நல்ல கில்ற் ஒன்றுக்கு ஏறத்தாழ 8 யார் துணி செல்லும். இத்தனை துணி இருந்தும் அதில் பொக்கற் கிடையாது. ஆகவே காசு, திறப்பு, கைத்தொலைபேசி வைப்பதற்கு இடுப்பில் ஒரு பை தேவைப்படுகிறது. அதுதான் 'ஸ்பொரன்'. ஸ்கொட்லாந்து மக்களின் கேலிக் மொழியில் இந்தச் சொல்லுக்குப் பணப்பை என்பதே பொருள். வேறு பெரிய அர்த்தம் ஒன்றும் இல்லை.

இது நமக்குப் புரியாத விடயம் அல்ல. வேட்டிக்கும் சாரத்துக்கும் பொக்கற் இல்லை. அதனால்தான் நம் ஐயாமார் காசை மடியில் முடிந்து வைத்தார்கள். நம் அம்மம்மாமாரிடம் பனையோலையில் இழைத்த கொட்டைப்பெட்டி இருந்தது. வெற்றிலையும் அதற்குள், சில்லறையும் அதற்குள். ஸ்பொரனும் அப்படிப் பிறந்ததுதான். ஆரம்பத்தில் மான் தோல் போன்றவற்றைச் சுருக்கி வாரால் கட்டிய சாதாரண பையாக இருந்தது. மலைநாட்டு மனிதன் ஒருவன் தன் சில்லறையையும் வழிக்கு வேண்டிய உணவையும் அதில் வைத்துக்கொண்டு நடந்தான். பின்னர் 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் வசதியுள்ளவர்கள் பையின் வாய்க்குப் பித்தளையிலும் வெள்ளியிலும் பூண் போட்டார்கள்.

தடை செய்யப்பட்ட உடுப்பு எப்படி அறா விலைக்கு வந்தது?

இந்த இடத்தில் சிறிது வரலாறு சொல்ல வேண்டும். யுத்தத்தைக் கண்ட நமக்கு இந்த வரலாறு அந்நியமாக இராது.

1746 ஏப்ரல் 16 அன்று ஸ்கொட்லாந்தின் வடக்கே கலோடன் என்ற வெட்டையில் ஒரு சண்டை நடந்தது. ஸ்டூவர்ட் இளவரசர் சார்ள்சின் பக்கம் நின்ற மலைநாட்டுக்காரர் ஒரு மணித்தியாலத்துக்குள் தோற்றுப் போனார்கள். காயப்பட்டுக் கிடந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். அதன் பின் அரச படைகள் கிராமங்களுக்குள் இறங்கின. வீடுகள் எரிக்கப்பட்டன. ஆடுமாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. சண்டைக்குப் போகாத பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும் அந்தக் குளிரில் ஒதுங்க இடமில்லாமல் நின்றார்கள்.

அதே 1746 இல் ஓர் உடைச் சட்டம் கொண்டு வரப்பட்டது. ஸ்கொட்லாந்தில் ஆண்களோ சிறுவர்களோ மலைநாட்டு உடுப்பு அணியக் கூடாது என்றது அது. முதல் முறை பிடிபட்டால் 6 மாதச் சிறை. மறுமுறை பிடிபட்டால் 7 ஆண்டுகள் கடல் கடந்து நாடு கடத்தல். அரசின் படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. அதாவது, மன்னருக்காகச் சண்டை பிடிக்கும்போது கில்ற் அணியலாம், சொந்த ஊரில் அணிந்தால் குற்றம். இந்தச் சட்டம் 1782 வரை இருந்தது. 36 ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறை. தகப்பன் அணிந்ததை மகன் அணியாமலே வளர்ந்து விட்டான்.

தடை நீங்கிய பின் நடந்தது தான் சமூகவியல் நோக்கில் மிகவும் கவனிக்க வேண்டியது. 1822 இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோ நகருக்கு வந்தார். அந்த வரவேற்பை ஒழுங்கு செய்தவர் எழுத்தாளர் வோல்ட்டர் ஸ்கொட். மன்னரே கில்ற் அணிந்து ஹோலிரூட் மாளிகையில் காட்சி கொடுத்தார். கனவான்கள் அனைவரும் கில்ற்றுக்கும் ஸ்பொரனுக்கும் ஓடினார்கள். பின்னர் விக்டோரியா மகாராணியும் கணவரும் பெல்மோரல் என்ற இடத்தில் மாளிகை அமைத்துக் கொண்ட போது இந்த மோகம் இன்னும் கூடியது. முழங்காலையும் தாண்டித் தொங்கும் குதிரை மயிர் ஸ்பொரன்கள் வந்தது விக்டோரியா காலத்தில் தான். சாதாரண சனத்தின் தோல்பை பெரிய மனிதர்களின் ஆபரணமாக மாறியது.

இதே காலத்தில் அந்த மலைநாட்டுச் சனத்துக்கு என்ன நடந்தது தெரியுமா? நிலச் சொந்தக்காரர்கள் செம்மறியாடு வளர்த்தால் அதிக வருமானம் என்று கண்டு, தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்களை வெளியேற்றிக் கொண்டிருந்தார்கள். சதலண்ட் பகுதியின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814 இலும் 1819 இலும் ஆட்கள் திரும்பி வராதபடி வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. 1854 இல் கிரீன்யார்ட்ஸ் என்ற ஊரில் வெளியேற்றக் கட்டளையுடன் வந்த பொலிசாரை மறித்து முன்னுக்கு நின்றவர்கள் பெண்கள். தடியடியில் பலர் படுகாயமடைந்தார்கள். நகரத்தில் மலைநாட்டு உடுப்புக்கு விழா எடுக்கப்பட்டது. மலைநாட்டிலோ அந்த உடுப்புக்குரிய மக்களுக்குக் கூரை இல்லை. உடுப்புக்குக் கிடைத்த மரியாதை உடுத்தவருக்குக் கிடைக்கவில்லை.

நம் மலையகச் சகோதரிகளுக்கு ஹோலிரூட், பெல்மோரல், டன்சினன் என்ற பெயர்கள் புதியவை அல்ல. அவை அவர்கள் கொழுந்து பறிக்கும் தோட்டங்களின் பெயர்கள். 1867 இல் லூல்கந்துரையில் தேயிலையை வர்த்தகப் பயிராகத் தொடங்கிய ஜேம்ஸ் ரெய்லர் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். அவரைப் போல் வந்த துரைமார் பலர் தங்கள் நாட்டு இடங்களின் பெயர்களை இங்கு வைத்தார்கள். அந்தப் பெயர்ப் பலகைகளின் கீழ் நான்கு, ஐந்து தலைமுறையாக நம்மவர்கள் உழைத்து வருகிறார்கள்.

ஆகவே 200 பவுண் பைதான் பரம்பரை மரியாதை என்று யாராவது சொன்னால் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பரம்பரைப் பை எளிய தோல்பை. விலையுயர்ந்தது பிறகு வந்த நாகரிகம்.

எத்தனை வகை, என்ன விலை?

இனி அந்தப் பிள்ளைக்கு வேண்டிய விபரங்களுக்கு வருவோம். கடையில் இருப்பவை பொதுவாக நான்கு வகை.

முதலாவது, பகல் ஸ்பொரன். முழுவதும் தோல். கறுப்பு அல்லது மண்ணிறம். மேலே ஒரு மூடி, அதில் மூன்று சிறிய தோல் குஞ்சங்கள். சிலவற்றில் பூவேலை அழுத்தியிருக்கும். விலை குறைந்ததும் நீண்ட காலம் உழைப்பதும் இதுவே.

இரண்டாவது, அரைவிழா ஸ்பொரன். மூடி தோலிலும், முன்பக்கம் மென்மயிர்த் தோலிலும் இருக்கும். பகல் சபைக்கும் இரவு விருந்துக்கும் இரண்டுக்கும் பொருந்தும்.

மூன்றாவது, முழுவிழா ஸ்பொரன். மேலே பளபளக்கும் உலோகப் பூண், முன்னால் மயிர்த் தோல், சங்கிலியில் தொங்கும் குஞ்சங்கள். இது இரவு விருந்துக்கும் பெரிய வைபவங்களுக்கும் உரியது. கடைக்காரர் மாப்பிள்ளை வீட்டாருக்கு முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான்.

நான்காவது, குதிரை மயிரில் நீளமாகச் செய்தது. இராணுவத்தினரும் பேக்பைப் வாத்தியக் குழுவினரும் அணிவது. விருந்தாளிக்கு இது தேவையே இல்லை.

விலையைப் பொறுத்தவரை, வெளிநாட்டில் தொகையாகத் தைத்து வரும் எளிய ஸ்பொரன்களை 20 முதல் 40 பவுண் வரையில் வாங்கலாம். ஸ்கொட்லாந்திலேயே கைவினைஞர் செய்யும் தோல் ஸ்பொரன் பெரும்பாலும் 100 பவுணை அண்டியோ அதற்கு மேலோ போகும். நல்ல மயிர்த் தோலும் வெள்ளிப் பூணும் சேர்ந்தால் பல நூறு பவுண். ஒரு பவுணை 400 ரூபா என்று வைத்துப் பாருங்கள். 30 பவுண் என்றால் 12,000 ரூபா. 200 பவுண் என்றால் 80,000 ரூபா. இரண்டுக்கும் நடுவில் இருப்பது 68,000 ரூபா. அந்த அம்மாவின் கூரைத் தகரம் இந்த வித்தியாசத்துக்குள் தான் இருக்கிறது.

வாங்குவதற்கு முன் மூன்று வழி

கடைக்குப் போக முதல் இந்த மூன்றையும் ஒழுங்காகப் பார்க்க வேண்டும்.

ஒன்று, இரவல். கில்ற் இரவல் தந்தவரின் உறவினர் ஒருவரிடம் ஸ்பொரன் சும்மா கிடக்கலாம். ஸ்கொட்லாந்தில் பல குடும்பங்களில் தகப்பனின், பேரனின் ஸ்பொரன் அலுமாரியில் இருக்கும். கேட்பதில் வெட்கம் இல்லை.

இரண்டு, வாடகை. அங்கே கில்ற் உடுப்பை வாடகைக்கு விடும் கடைகள் நிறைய உண்டு. மாப்பிள்ளைமாரே பலர் வாடகைக்குத்தான் எடுக்கிறார்கள். அதை யாரும் குறைவாக நினைப்பதில்லை. முழுத் தொகுதி எடுத்தால் கோட், கில்ற், மேஸ், சப்பாத்து ஆகியவற்றோடு ஸ்பொரனும் சேர்ந்தே வரும். மாப்பிள்ளையின் தோழர்கள் எல்லோரும் ஒரே கடையில் எடுக்கும் போது விலைக் கழிவு கேட்கலாம். ஸ்பொரனை மட்டும் தனியாக வாடகைக்குத் தரும் கடைகளும் உள்ளன. ஒரே ஒரு கலியாணத்துக்கு மட்டும் என்றால் இதுவே புத்தி.

மூன்று, பாவித்தது. பிரித்தானியாவில் தர்ம நிறுவனங்கள் நடத்தும் கடைகளில் சனம் கொடுத்த பொருட்கள் மலிவாக விற்கப்படும். வாடகைக் கடைகளும் தங்கள் பழைய இருப்பைக் கழித்து விற்பதுண்டு. தோல்பை பழையதானால் குறை இல்லை. நல்ல தோல் பாவிக்கப் பாவிக்க மினுங்கும்.

இந்த மூன்றும் சரிவராவிட்டால், அல்லது வருடத்தில் இரண்டு மூன்று தடவை அணிய வேண்டி வரும் என்றால், அப்போது புதிதாக வாங்குவது பற்றி யோசிக்கலாம்.

வாங்கும் போது பார்க்க வேண்டியவை

* ஒரே ஒரு ஸ்பொரன் தான் வாங்க முடியும் என்றால், பூவேலை அதிகம் இல்லாத கறுப்புத் தோல் ஸ்பொரன் அல்லது அரைவிழா ஸ்பொரன் வாங்குவது நல்லது. கறுப்புத் தோல் எந்தக் கட்டத் துணிக்கும் பொருந்தும். இடுப்புப் பட்டியும் சப்பாத்தும் கறுப்பென்றால் இதுவும் கறுப்பாக இருக்கட்டும். அவை மண்ணிறம் என்றால் மண்ணிறம்.

* தோலை மடித்துப் பாருங்கள். உண்மையான தோல் மடித்த இடத்தில் மெல்லிய சுருக்கம் காட்டும், விட்டதும் தளரும். தோல் தூளை ஒட்டிச் செய்தது வெடித்து உரியும். வெட்டிய ஓரத்தைப் பார்த்தாலும் தெரியும். உள்ளே துணி நூல் தெரிந்தால் அது றெக்சின்.

* தையலைப் பாருங்கள். நம் சகோதரிகளில் பலருக்குத் தையல் தெரியும், ஆகவே இதை நான் விளக்கத் தேவையில்லை. தையல் சமமாக இருக்க வேண்டும். பை இரு பக்கமும் விரியும் இடத்தில் இரட்டைத் தையல் இருந்தால் நல்லது. சங்கிலி கொழுவும் வளையங்கள் பின்பக்கத் தோலில் உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். முழுப் பாரமும் அந்த இடத்தில் தான் விழும். மலிவான ஸ்பொரன்கள் முதலில் அறுவது அங்கே தான்.

* உள்ளே கை விட்டுப் பாருங்கள். கைத்தொலைபேசியும் திறப்பும் காசும் கொள்ளாத பை வெறும் அலங்காரம். விழா ஸ்பொரன்கள் சில பின்பக்கமாகத் திறப்பவை. அவற்றின் வாய் ஒடுக்கமாக இருக்கும்.

* சங்கிலிப் பட்டி சேர்த்த விலையா என்று கேளுங்கள். பல கடைகளில் ஸ்பொரனுக்கு ஒரு விலை, அதைக் கட்டும் பட்டிக்கு வேறு விலை. மலிவு என்று நினைத்து எடுத்த பிறகு கணக்கு ஏறும். இடுப்பளவும் பார்க்க வேண்டும்.

* மயிர்த் தோல் என்றால் எந்த விலங்கு என்று கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதி வாங்க வேண்டும். ஸ்கொட்லாந்தில் 2007 இல் விதிகள் இறுக்கப்பட்டு, நீர்நாய் போன்ற பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் தோலில் ஆனவற்றுக்கு அனுமதிப் பத்திரம் தேவை என்றாகியது. கடல்நாய்த் தோலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2009 இல் வர்த்தகத் தடை கொண்டு வந்தது. அமெரிக்காவில் 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதைக் கொண்டு போகவே முடியாது. பழைய ஸ்பொரன் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி, விமான நிலையத்தில் பறிகொடுப்பதில் என்ன இலாபம்? மாட்டுத் தோலும் முயல் தோலும் இந்தச் சிக்கல் இல்லாதவை, விலையும் குறைவு. செயற்கை மயிரிலும் இப்போது நல்லவை வருகின்றன.

அணியும் விதம் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டி கில்ற்றின் பின்னால் உள்ள தொங்கு வளையங்களுக்குள்ளால் போய் இடுப்பைச் சுற்றி வரும். ஸ்பொரன் முன்னால் நடுவில், இடுப்புப் பட்டியின் கொழுக்கிக்குக் கீழே மூன்று நான்கு விரல் அளவு விட்டுத் தொங்க வேண்டும். மிகவும் தாழ்ந்து தொங்கினால் நடக்கும் போது அடிக்கும். நடனமாடும் போதும் வாகனம் ஓட்டும் போதும் இடுப்பின் பக்கத்துக்கு நகர்த்தி விடுவார்கள். வெளியூர்க்காரர் கில்ற் அணிந்தால் அங்குள்ளவர்கள் பொதுவாகச் சந்தோசப்படுவார்கள். ஒருவேளை கில்ற் அணிய மனமில்லை என்றால் கோட் சூட் போட்டுக் கொண்டு போனாலும் ஒருவரும் குறை சொல்லப் போவதில்லை.

மலிவான பையைத் தைத்தது யார்?

மலிவாக வாங்குங்கள் என்று எழுதும் போது, அந்த மலிவு யார் தலையில் விழுகிறது என்ற கேள்வியையும் கேட்க வேண்டியவளாக இருக்கிறேன்.

உலகச் சந்தைக்கு வரும் குறைந்த விலைக் கில்ற், ஸ்பொரன், பேக்பைப் ஆகியவற்றில் பெரும் பங்கு பாகிஸ்தானின் சியால்கோட் நகரிலிருந்து வருகிறது. பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் இருந்தே தோல் வேலைக்கும் விளையாட்டுப் பொருட்களுக்கும் பெயர் போன இடம் அது. உதைபந்து தைப்பதும் அங்கே பெரிய தொழில். முன்னர் பெண்கள் வீட்டிலிருந்தபடியே பந்துக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைத்தார்கள். சிறுவர் உழைப்பை நிறுத்துவதற்காக 1997 இல் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. நல்ல நோக்கம் தான். அதன்படி தையல் வேலை வீடுகளிலிருந்து பதிவு செய்த நிலையங்களுக்கு மாற்றப்பட்டது. ஆனால் வீட்டை விட்டு நிலையத்துக்குப் போக முடியாத பெண்கள் பலர் தங்கள் வருமானத்தை இழந்தார்கள். பெண்களிடம் கேட்காமல் பெண்களின் தொழிலைப் பற்றித் தீர்மானித்தால் இப்படித்தான் முடியும். நமது பகுதிகளில் திட்டங்கள் கொண்டு வருபவர்களும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இதே பிரித்தானியத் தீவுகளில் வேறு மாதிரியான உதாரணமும் உண்டு. ஸ்கொட்லாந்தின் மேற்குத் தீவான ஹரிஸ் தீவின் மக்கள் வீட்டில் நெய்த கம்பளித் துணியை, 1840களில் டன்மோர் சீமாட்டி என்ற நிலச் சொந்தக்காரி வெளியூர்ச் செல்வந்தர்களிடம் அறிமுகப்படுத்தினார். உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் வந்த காலம் அது. நிவாரணமாகத் தொடங்கியது தொழிலாக வளர்ந்தது. போலித் துணிகள் வந்த போது, உண்மையான துணிக்குச் சிலுவை பதித்த உருண்டை முத்திரை ஒன்றைப் பதிவு செய்தார்கள். 1993 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அதற்கென்று சட்டமே இயற்றியது. தீவில் வசிப்பவர் தம் வீட்டில் நெய்தால் மட்டுமே அந்தப் பெயரைப் போடலாம். இன்று அந்தத் துணியில் பைகளும் ஸ்பொரன் மூடிகளும் கூடச் செய்து விற்கிறார்கள். விலை அதிகம் தான். ஆனால் அந்த விலையில் ஒரு பங்கு நெய்தவர் வீட்டுக்குப் போகிறது.

பனையோலையில் பை இழைக்கும் சகோதரிகளும், தையல் நிலையத்தில் கைப்பை தைக்கும் சகோதரிகளும் இதைக் கவனிக்க வேண்டும். பொருளின் விலையைக் குறைத்துக் குறைத்துப் போட்டியிட்டால் கடைசியில் குறைவது நமது கூலி. நமது ஊர்ப் பெயரும் நமது கைவேலையின் அடையாளமும் பொருளில் இருந்தால் தான் நமக்கென்று ஒரு விலையைக் கேட்க முடியும். ஒரு பையை விற்க முதல், ஓலைக்கு அல்லது துணிக்கு எவ்வளவு, சாயத்துக்கு எவ்வளவு, எத்தனை மணித்தியாலம் இருந்தோம் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதாத உழைப்புக்கு யாரும் காசு தரமாட்டார்கள்.

கௌரவச் செலவை எப்படி அளப்பது?

பிள்ளையைக் கோபிக்க வேண்டாம் என்று அந்தத் தாயைக் கேட்டுக் கொள்கிறேன். அந்நிய நாட்டில் தனியே இருக்கும் ஒரு இளைஞனைக் கூட வேலை செய்பவர்கள் தங்கள் கலியாணத்தில் தோழனாக நிற்கக் கேட்பது சின்ன விடயம் அல்ல. அது அவருக்குக் கிடைத்த உறவு. அந்தச் சபையில் கூச்சமில்லாமல் நிற்க வேண்டும் என்று அவர் நினைப்பது நியாயமே. நாமும் ஒரு சடங்குக்கோ கலியாணத்துக்கோ போகும் போது இருப்பதில் நல்ல சேலையைத் தானே உடுத்துகிறோம்? எல்லாம் இழந்து முகாமில் இருந்த காலத்திலும், உடுப்பைத் தோய்த்து, தலை இழுத்து, பொட்டு வைத்துக் கொண்டு தானே வரிசையில் நின்றோம்? மரியாதையாக உடுத்துவது வீண் செலவு அல்ல.

ஆனால் மரியாதைக்கும் பகட்டுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைக் காண நான்கு கேள்விகள் உதவும்.

1. இந்தப் பொருள் இல்லாவிட்டால் வேலை நடக்காதா, அல்லது இதிலும் விலை குறைந்தது இருந்தால் போதுமா?
2. இதை இன்னும் எத்தனை தடவை பாவிப்பேன்? விலையை அந்த எண்ணிக்கையால் பிரித்தால் ஒரு தடவைக்கு எவ்வளவு?
3. இந்தக் காசு வேறு எந்தத் தேவைக்காக ஒதுக்கியது? அந்தத் தேவைக்குரியவரிடம் கேட்டோமா?
4. இதற்காகக் கடன் பட வேண்டியிருக்கிறதா, நகை அடைவு வைக்க வேண்டியிருக்கிறதா?

நான்காவது கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் அத்தோடு நிறுத்த வேண்டும். சாமத்தியச் சடங்குக்கும் கலியாணத்துக்கும் நுண்கடன் எடுத்து, கிழமைக்குக் கிழமை கட்டுப்பணத்துக்காக ஒளித்துத் திரியும் சகோதரிகளை நாம் அறிவோம். விருந்துக்கு வந்தவர்கள் சாப்பாட்டை அடுத்த நாளே மறந்து விட்டார்கள். கடன்காரர் மறக்கவில்லை. வாடகைக்கு உடுப்பு எடுத்து நிற்கும் ஸ்கொட்லாந்து மாப்பிள்ளையிடம் நாம் படிக்கக் கூடியது இது தான்: ஒரு நாள் தேவைக்கு ஒரு நாள் அளவில் செலவு செய்தால் போதும். நமது ஊரிலும் கலியாணச் சேலை, நகை, பந்தல் சாமான் என்பவற்றை மாதர் சங்கம் பொதுவில் வாங்கி வைத்துக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கலாம். இருபது பேர் தனித்தனியே கடன் படுவதை விட, இருபது பேர் சேர்ந்து ஒன்றை வாங்குவது நல்லது. உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசிப் பாருங்கள்.

கடிதம் எழுதிய அம்மாவுக்கு என் பதிலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மகனிடம் காசைப் பற்றி முதலில் கதைக்காதீர்கள். கலியாணம் எப்போது, யார் மாப்பிள்ளை, என்ன நிற உடுப்பு என்று கேளுங்கள். பிறகு, இரவலுக்கு ஒருக்கால் விசாரித்துப் பார், இல்லாவிட்டால் வாடகைக்கு எடு, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பாவித்ததோ புதிதோ ஒரு சாதாரண கறுப்புத் தோல்பை போதும் என்று சொல்லுங்கள். முப்பது நாற்பது பவுணுக்குள் காரியம் முடியும். மிச்சக் காசைப் பற்றி அவரே பேச்செடுப்பார். பிள்ளைகளுக்கு வீட்டு நிலைமை தெரியாமல் இல்லை. வழி தெரியாமல் தான் பல நேரம் அறா விலை கொடுக்கிறார்கள். இந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக் கைத்தொலைபேசியில் அனுப்பி விட்டாலும் சரி.

மழை தொடங்க முதல் தகரம் மாற்றி விடுங்கள்.

அடுத்த மாதம் வேறு ஒரு விடயத்துடன் சந்திப்போம்.